கரண்ட் போனதும் நின்ற நீராவி எஞ்சின்

என் செல்லத் தம்பி அந்தோணிக்கு,

செல்லம் என்று எழுதிவிட்டதால் அக்கா சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உன் காலேஜ்காரர்கள் மேல் பாதி, உன் மேல் பாதி. கல்லறைத் திருநாளன்று உன் தலைமாட்டில் நின்றே கேட்டிருப்பேன். பக்கத்துக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற வந்தவர்கள் இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு என்று பயந்துவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றேதான் எழுதுகிறேன்.

கடை ஓடுகிறது. சேக்காட்டில் நம் தெருவிலேயே இன்னொரு மளிகைக் கடை முளைத்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத். பருத்திப்பட்டு ஏரி இந்த வருஷம் தளும்பத் தளும்ப நிற்கிறது. பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவாயே, இப்போது பார்த்திருந்தால் இறங்கியே இருக்க மாட்டாய். உன் மாமா உன் சைக்கிளைத்தான் ஓட்டுகிறார். செயின் கழன்றால் உன்னைத் திட்டுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் முதல் வருஷப் பூசை முடிந்த மறுவாரம் வேலப்பன்சாவடியிலிருந்து, உன் காலேஜிலிருந்து, இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். உன் எஞ்சினுக்குத் தனியாக ஒரு நினைவு மூலை அமைத்திருக்கிறார்களாம். பெரிய மனிதர் ஒருவர் வந்து திறந்து வைக்கிறாராம். குடும்பத்தின் சார்பில் நான் முன்வரிசையில் உட்கார வேண்டுமாம். அவர்கள் முன்னாலேயே அழுதுவிட்டேன். என் தம்பியை மறக்கவில்லையே என்று அவர்களுக்குக் கலர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இப்போது அந்தக் கலரை நினைத்தால்கூட வயிறு எரிகிறது.

அது என்ன எஞ்சின் என்று படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், குறுக்கே பேசாதே.

நீ லெக்சரராகச் சேர்ந்த புதிது. ஒரு நாள் காலையில் என் கடைத் தராசுக்குப் பக்கத்தில் அரைக்கிலோ எடைக்கல்லைக் காணோம். துவரம்பருப்பு அரைக்கிலோ கேட்டவர்களுக்கெல்லாம் சின்னச் சின்னக் கல்லாக அடுக்கி நிறுத்துக் கொடுத்தேன். பால்காரன் மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் அவனோடு பேசவே இல்லை. அடுத்த வாரம் நீ ஒரு செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் வந்தாய். உள்ளே ஒரு நீராவி எஞ்சின். ஒரு சாண் உயரம்தான் இருக்கும். பித்தளையில் சிலிண்டர், தாமிரத்தில் பாய்லர், பாய்லருக்குக் கீழே ஸ்பிரிட் விளக்கு. பக்கவாட்டில் கனமாக ஒரு இரும்புச் சக்கரம்.

"இன்னாடா இது?"

"ஃப்ளைவீலுக்கா. இது கனமா இருந்தாத்தான் எஞ்சினு ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடாம அடுத்த சுத்துக்குப் போவும்."

"அது கெடக்கட்டும். எங்கல்லு எங்கடா?"

"இதாங்கா."

ஆறு மூலைக் கல்லை அம்பத்தூர் எஸ்டேட்டில் உன் சிநேகிதன் லேத்தில் மாட்டி உருண்டையாகக் கடைந்து, நடுவில் ஓட்டை போட்டு வைத்திருந்தாய், பாவி. ஒரு பக்கத்தில் மட்டும் 500 என்ற எழுத்து அப்படியே இருந்தது. நான் துடைப்பத்தை எடுப்பதற்குள் விளக்கைப் பற்ற வைத்துவிட்டாய். தண்ணீர் கொதித்தது. சக்கரத்தை விரலால் ஒரு தட்டு தட்டினாய். டக் டக் டக் என்று ஆரம்பித்துப் பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது பார், அடிக்க வந்தவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று முழுக்க வீடே ஸ்பிரிட் நாற்றம்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டிருப்பேன், என் கல்லைக் கொடுடா என்று? ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "வந்துடும்கா." சாப்பிட்டுக்கொண்டே சொல்வாய், ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே சொல்வாய். வந்துடும்கா, வந்துடும்கா. நான் புதுக்கல் வாங்கிவிட்டேன்.

எதற்கு இந்த வேலை என்று உன் மாமா கேட்டார். உனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? "மாமா, பசங்க ஸ்டீம் எஞ்சின் படம் போட்டு அம்சமா மார்க் வாங்கிகினு போறானுங்க. ஆவி உள்ள வந்தா பிஸ்டன் எந்தப் பக்கம் போவும்னு கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிறானுங்க. ஒருத்தனும் ஒண்ணத்தையும் கழட்டிப் பாத்ததில்ல." கோபம் நம் குடும்பச் சொத்து. உன்னிடம் அது உபயோகமாக இருந்தது.

நீ அந்த எஞ்சினை லேபில் வைத்து ஒரு சட்டம் போட்டாய். வருகிற ஒவ்வொரு செட்டும் அதை ஒரு ஸ்க்ரூ பாக்கியில்லாமல் கழட்ட வேண்டும், மாட்ட வேண்டும், ஓட்ட வேண்டும். அதோடு ஏதாவது ஒரு உறுப்பைத் தாங்களே புதிதாகச் செய்து அதில் பொருத்த வேண்டும். பழைய உறுப்பு வீட்டுக்குப் போய்விடும், அந்த செட்டில் யாராவது ஒருவர் வீட்டுக்கு. உன் முதல் பிஸ்டன் ஆவடியில் ஒருவன் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது. உன் பாய்லரை ஒரு பையன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போய் அவன் அம்மா அதில் பேனா போட்டு வைத்திருக்கிறாளாம். நீ போவதற்குள் அந்த எஞ்சினில் உன் கையால் செய்தது என்று மிஞ்சியது என் எடைக்கல் ஒன்றுதான்.

"அப்ப இது ஒன்னோட எஞ்சினே இல்லியேடா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தாங்கா இம்மாம் பாடு" என்று சிரித்தாய்.

உன் காலேஜ்காரர்கள் அதை என்ன செய்து வைத்தார்கள் தெரியுமா?

பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள். ஆடிட்டோரியத்தின் மூலையில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் உன் எஞ்சின். உன் போட்டோவுக்குப் போட்ட மாலையில் பாதியை அதற்கும் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு போர்டு, தொடாதீர்கள் என்று. எனக்கு அப்போதே சுருக்கென்றது. அந்தோணியின் எஞ்சினைத் தொடக் கூடாதா? தொடத்தானே செய்து வைத்தான்?

அதைவிட, பெயின்ட். விருந்தாளி வருகிறார் என்றால் காம்பவுண்டுச் சுவருக்கும் மரத்தடிக் கல்லுக்கும் அடிப்பார்கள் இல்லையா, அந்த ஜோரில் உன் எஞ்சினுக்கும் அடித்துவிட்டார்கள். முழுக்க வெள்ளிப் பெயின்ட். பித்தளை தெரியவில்லை, தாமிரம் தெரியவில்லை, சக்கரத்தில் 500 இருந்த இடத்தில் மொழுக்கென்று ஒரு மேடு. பிஸ்டன் கம்பியையும் விடவில்லை. எண்ணெய் போட வேண்டிய இடத்தில் பெயின்ட் போட்டிருந்தார்கள். இன்ஜினியரிங் சொல்லிக் கொடுக்கிற இடமாம்!

பெரிய மனிதர் பேசினார். எச்.ஓ.டி. பேசினார், நீ சாந்தமானவனாம். உன்னையா சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் பெரிய மனிதர் ஒரு சிவப்பு பட்டனை அமுக்கினார். சக்கரம் சுற்றியது. ஹால் முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே இருக்கும்போது மூக்குக்கு ஏதோ உறைத்தது. ஸ்பிரிட் நாற்றமே இல்லை. விளக்கில் திரி புதுசாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. டக் டக் சத்தமும் இல்லை. கொசு பறக்கிற மாதிரி ங்கொய் என்று ஒரு சத்தம்.

கரண்ட் போனது.

நம் பக்கத்துக் கரண்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் நின்றது, மைக் நின்றது, உன் நீராவி எஞ்சினும் நின்றது.

கேட்கிறாயா, அந்தோணி? ஹாலில் அத்தனை பேரும் எஞ்சின் படித்தவர்கள், எஞ்சின் சொல்லிக் கொடுப்பவர்கள். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அழைப்பிதழால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எச்.ஓ.டி. என் பக்கம் குனிந்து சமாதானம் சொல்கிறார்: "கவலைப்படாதீங்க மேடம், கரண்ட் வந்ததும் எஞ்சின் ஓடிடும்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இரண்டாம் வருஷ மெக்கானிக்கலாம், பூங்கொடி என்று பெயர், பூந்தமல்லிக்காரி. "சார், இது ஸ்டீம் எஞ்சின்தானே? கரண்ட் போனா ஏன் சார் நிக்குது?" என்று கேட்டாள். அவள் கேட்டது மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்டது.

"டெக்னிகல் ஃபால்ட். உக்காரும்மா" என்றார் எச்.ஓ.டி.

அவள் உட்காரவில்லை. "சக்கரம் சுத்துச்சு சார். ஆனா பிஸ்டன் ஆடவே இல்ல சார்."

"உக்காருன்னு சொல்றேன்ல?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ. எனக்குப் போர்த்தியிருந்த பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டுப் போய் எஞ்சின் இருந்த மேஜையின் துணியைத் தூக்கினேன். கீழே டேப் ரிக்கார்டருக்குள் இருக்குமே, அந்த மாதிரி ஒரு குட்டி மோட்டார். அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் மேஜையில் போட்ட ஓட்டை வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. பூங்கொடியும் ஓடி வந்து குனிந்து பார்த்தாள். "பெயின்ட்ல பிஸ்டன் ஒட்டிகிச்சுக்கா. அதான் நடு ராடைக் கழட்டி எடுத்துட்டு சக்கரத்த மட்டும் மோட்டார்ல சுத்த வுட்டுக்கீறாங்க" என்றாள்.

"இன்னா சார் இது?" என்று கத்தினேன். என் குரல் உனக்குத் தெரியும். "எஞ்சினு சக்கரத்த சுத்துமா, எஞ்சின ஒரு மோட்டார் வச்சு சுத்துவீங்களா? எந்தம்பி நெருப்பு வச்சு ஓட்டுனான் சார் இத! நீங்க பொம்மையாக்கி மாலை போட்டுக்கீறீங்க! இதப் பாத்து இந்தப் புள்ளைங்க இன்னா கத்துக்கும்? கரண்ட் வந்தா ஓடும்னா?"

பிரின்சிபால் வந்தார். புதிதாக வந்தவர், உன்னைப் பார்த்ததுகூட இல்லை. பெரிய மனிதரை டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மேடம், உங்க ஃபீலிங்ஸ் புரியுது. ஆனா இது இப்ப காலேஜ் சொத்து. சாரே எழுதிக் குடுத்திருக்காரு. எப்படி வைக்கணும்னு நாங்க பாத்துக்கறோம்."

இங்கேதான் உன் மேல் ஆத்திரம் வந்தது. ஆமாம், எழுதிக் கொடுத்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து, "எஞ்சினு அங்கியே இருக்கட்டும்கா, பசங்களோடது" என்றாய். நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறேன் என்று எவ்வளவு சொன்னேன்! கேட்டாயா? யாரை நம்பினாய்? நீ போனதும் பூட்டுப் போடுவார்கள் என்று உனக்கு ஏன்டா தெரியாமல் போனது?

எஞ்சின் பக்கம் திரும்பினேன். கண்ணெதிரே அந்த மொழுக்கை மேடு. 500.

"எஞ்சின நீயே வச்சிக்கோ சார்" என்றேன். "அது எந்தம்பி குடுத்தது. அந்தச் சக்கரம் என் கடை எடைக்கல்லு. அத எழுதிக் குடுக்க அவன் யாரு? நான் எப்போ குடுத்தேன்? கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். எங்கல்ல கழட்டிக் குடு. அதுவரைக்கும் நான் எழுந்துக்க மாட்டேன்." உன் போட்டோவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன், பட்டுப் புடவையோடு.

"ஒரு அரைக்கிலோ கல்லுக்காகவா மேடம்?"

"ஆமா சார். அரைக்கிலோ கல்லுக்காகத்தான்."

உள்ளே எனக்கு என்ன எண்ணம் தெரியுமா? சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டால் முண்டமாக நிற்கும், அப்புறம் மோட்டாரில் எதைச் சுற்றுவார்கள் என்று பார்க்கலாம், அவ்வளவுதான். வஞ்சம் தீர்க்கத்தான் கேட்டேன். வேறு பெரிய யோசனை ஒன்றும் இல்லை.

பெரிய மனிதர் டீ குடித்து முடித்துவிடுவாரே என்று பிரின்சிபாலுக்கு அவசரம். "யாராவது வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போய் அந்தச் சக்கரத்தைக் கழட்டி இவங்க கையில குடுத்து அனுப்புங்கப்பா" என்றார். பூங்கொடி கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டாள். தொடாதீர்கள் போர்டை நான் அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

வொர்க்‌ஷாப்பில் என்ன ஆனது கேள். சக்கரம் வரவில்லை. பெயின்டில் அச்சோடு சேர்ந்து இறுகிவிட்டது. சக்கரம் வர வேண்டுமென்றால் அச்சு வெளியே வர வேண்டும். அச்சு வர வேண்டுமென்றால் அதைத் தாங்குகிற பேரிங் கழல வேண்டும். அதற்கு சிலிண்டரை நகர்த்த வேண்டும், அதற்குக் குழாயைக் கழட்ட வேண்டும். பூங்கொடியோடு அவள் வகுப்புப் பையன்கள் சிலரும் வந்துவிட்டார்கள். தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார்கள், பிளேடால் சுரண்டினார்கள். ஒவ்வொரு உறுப்பாக வெளியே வந்து அழுக்குத் துணி மேல் வரிசையாக உட்கார்ந்தது. ஒருவன் சிலிண்டருக்குள் விரலை விட்டு, "டேய், ஆவி போற வழி ரெண்டு பக்கமும் கீதுடா! அப்ப போறப்பவும் தள்ளும், வரப்பவும் தள்ளும்!" என்று கூவினான். இன்னொருவன், "படத்துல போட்டேனே, இதானாடா அது?" என்றான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததை அவர்கள் ஒரு ஸ்க்ரூ பாக்கியில்லாமல் கழட்டிவிட்டார்கள். அதுவும் பிரின்சிபால் வாயாலேயே உத்தரவு வாங்கி! எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் சக்கரம் கழன்றது. பூங்கொடி துணியால் அழுத்தித் துடைத்தாள். 500 தெரிந்தது. என் கையில் கொடுத்தாள்.

"அந்தோணி சார் ரூல எங்க சீனியருங்க சொல்லிக்கீறாங்கக்கா. புதுசு நாங்க செய்யணும், பழசு ஊட்டுக்குப் போவணும். சக்கரம் எங்க செட்டு செஞ்சிக்குறோம். நீங்க எட்துகினு போங்க."

அங்கே அழுதேன் பார், உன் சாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

போன வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவர்களே கடைந்த புதுச் சக்கரம், பளபளவென்று. கழட்டிப் போட்டிருந்த நடு ராடையும் தேடிப் பிடித்து மாட்டியிருந்தார்கள். ஓட்டுவதற்கு முன்னால் பூங்கொடி சுவர்ப் பக்கம் போனாள். "மொதல்ல மெயின ஆஃப் பண்றேன். அப்புறம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது" என்று வொர்க்‌ஷாப் கரண்டையே அணைத்தாள். முதல் தடவை ஆவி பக்கவாட்டில் புஸ்ஸென்று போய்விட்டது. ஒரு பையன் கையைச் சுட்டுக்கொண்டான். திரும்பக் கழட்டி, திரும்ப மாட்டி, திரும்பப் பற்ற வைத்தார்கள். பூங்கொடி விரலால் ஒரு தட்டு தட்டினாள்.

டக் டக் டக்.

இருட்டில் அந்த விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் வாய் பிளந்து நிற்கிறதுகள். பிரின்சிபால் சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றார். எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த ஆள் மேல் நம்பிக்கை கிடையாது. அடுத்த விருந்தாளி வருகிறார் என்றால் மறுபடியும் பெயின்ட் டப்பாவோடு வந்து நிற்பார். அந்தப் போர்டு திரும்பிப் போகாது, அது மட்டும் நிச்சயம். நம் கடையில் முட்டை அடுக்கி வைத்திருக்கிற தட்டுக்கு முன்னால் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். தொடக் கூடாத பொருள் அதுதானே.

கல்லைத் தராசில் போட முடியாது. நீ கடைந்து தள்ளியதில் எடை குறைந்துவிட்டது, நடுவில் ஓட்டை வேறு. பொட்டலம் மடிக்கிற பேப்பர் ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க மேலே வைத்திருக்கிறேன். பருப்பு கட்டும்போதெல்லாம் கை அதன் மேல் படுகிறது.

வந்துடும்கா என்று அத்தனை வருஷம் சொன்னாய். வந்துவிட்டது, அந்தோணி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் கடை வாசலில் நின்று, ஓம வாட்டர் வாங்கிக் குடித்துக்கொண்டு, "வெறும் கேஸுக்கா, சரியாப் பூடும்கா" என்று சொன்னதும் நீதானே? அதே சிரிப்போடுதானே சொன்னாய்? எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்று எனக்கு எப்படிடா தெரியும்? கல் வந்து என்ன செய்ய? நான் கேட்டது கல்லையா?

சரி. அழுதுகொண்டே எழுதினால் எழுத்து கலைகிறது. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒவ்வொரு வருஷமும் புது செட்டு வரும்போது ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வேலப்பன்சாவடிக்கு பஸ் ஏறுவேன். அவர்கள் கழட்டி, மாட்டி, ஓட்டி முடிக்கிற வரைக்கும் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டேன். எவனாவது அதன் மேல் பெயின்ட் அடித்தான் என்றால் அவனுக்கும் ஒரு கோட் அடித்துவிட்டுத்தான் வருவேன். இது சத்தியம். நான் சொன்னால் செய்வேன் என்று உனக்குத் தெரியும்; நான் உன்னை மாதிரி கிடையாது.

இன்னும் உன்னோடு பேச்சு வார்த்தை முடியாத,
உன் கூடப் பிறந்த அக்கா
ரெஜினா
சேக்காடு